எந்தப் படி ஏறுவது? செட்டிநாட்டுக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் நகல் எடுப்பதும், இணைய விண்ணப்பம் போட்டுத் தருவதும், மனு எழுதுவதும்தான் என் பிழைப்பு. கடையில் ஒரே ஒரு நீளப் பெஞ்சு. ஒரு முனையில் உரிமம் கேட்டு வந்த கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். மறுமுனையில் ஏதோ ஒரு கடையில் ஏமாந்துவிட்டு வந்த வாடிக்கையாளர். இருவர் கையிலும் மடித்த காகிதம் இருக்கும். ஏற வேண்டாத அலுவலகப் படிகளை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரியும்.

அந்தப் பெஞ்சில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

1. கடை திறக்கப் போகிறேன் தம்பி. முதலில் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் அலுவலகம் நம் ஊரில் கிடையாது. கடை எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. கடையில் என்ன விற்கப் போகிறீர்கள் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு உள்ளாட்சி அமைப்பு பதில் சொல்லும். காரைக்குடி 1928 முதல் நகராட்சியாக இருந்து 2024-இல் மாநகராட்சி ஆனது. தேவகோட்டை நகராட்சி; கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் பேரூராட்சிகள். இவை அனைத்துக்கும் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023 விதிகளும் பொருந்தும். ஊராட்சிகளுக்கு 1994-இன் ஊராட்சிகள் சட்டம்.

இரண்டாவது கேள்விக்குப் பொருளைப் பொறுத்து வேறு வேறு துறைகள் வரும். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, தராசு என்றால் தொழிலாளர் துறை, நகை அடகு என்றால் வட்டாட்சியர், நூறாண்டுப் பழம்பொருள் என்றால் தொல்லியல் துறை. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்து ஏறும் முன் உங்கள் ஊர் எந்த மாவட்டத்துக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். அப்படித் தவறிப் போனவர்களுக்கு நானே மறுபடி மனு எழுதியிருக்கிறேன்.

2. தொழில் வரி கட்டிய ரசீது இருக்கிறது. அதுதானே லைசென்ஸ்?

இல்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு தனிப் பலகையே எழுதி மாட்டலாம். தொழில் வரி என்பது சம்பாதிக்கும் ஆள் மீது விழும் வரி. அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. தொழில் உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்ற அனுமதி. வரி கட்டினால் கிடைப்பது ரசீது மட்டும்தான். அது உரிமம் ஆகாது.

சொத்து வரி மூன்றாவது. அது கட்டடத்தின் மீது. வீடாக இருந்த முகப்பை அடைத்துக் கடை போட்டால் வரிவிதிப்பையும் குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாற்ற வேண்டும். உரிம விண்ணப்பத்தில் சொத்து வரி ரசீதைக் கேட்பார்கள். அங்கேதான் பலருடைய கோப்பு நின்றுபோகிறது. வாடகைக் கடையாக இருந்தால் உரிமையாளரிடம் முதலிலேயே இதைப் பேசிவிடுங்கள். ஒப்பந்தம் போட்டு, முன்பணம் கொடுத்து, அலமாரியும் அடித்த பிறகு பேசினால் அவர் பேச்சு வேறாக இருக்கும்.

3. நான் நடத்துவது காப்பித்தூள் கடை. அதற்கு எதற்கு 'ஆபத்தான தொழில்' உரிமம்?

பழைய பெயரின் வினை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் தீ, புகை, கழிவு, நாற்றம், சத்தம் எதுவும் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரலாம் என்று கருதிய தொழில்களுக்கு உரிமம் வைத்தார்கள். அதைச் சுருக்கி 'டி அண்ட் ஓ' என்பார்கள். அபாயகரமானது, அருவருப்பானது என்று பொருள். சட்டம் மாறிவிட்டது, ஊழியர்கள் வாயில் பெயர் மாறவில்லை. உங்கள் காப்பித்தூளை யாரும் இழிவுபடுத்தவில்லை. வறுக்கும் புகை அடுத்த வீட்டு வளவுக்குள் போகுமா என்பதுதான் அவர்கள் பார்ப்பது.

4. ஆச்சி கேட்டது: வீட்டில் வைத்துத் தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் போட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். எனக்குமா பதிவு?

ஆமாம் ஆச்சி, உங்களுக்கும்தான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தொழில் என்றால் என்ன என்று சொல்லும்போது லாபம் உண்டா இல்லையா என்பதைக்கூடப் பார்ப்பதில்லை. கடைப் பலகை மாட்டியிருக்கிறீர்களா, சமையற்கட்டில் போடுகிறீர்களா என்பதும் பொருட்டல்ல. மகளுடைய சீருக்கு உங்கள் கையால் போட்டு அனுப்புவது வேறு. கிலோவுக்கு விலை சொல்லி, இன்னொரு வீட்டுச் சீருக்குப் பத்துத் தூக்கு நிரப்பிக் கொடுத்தால் அது விற்பனை.

பயப்பட ஒன்றுமில்லை. 2011 விதிகள் வந்தபோது ஆண்டு வரவு 12 லட்சம் ரூபாய் வரை இருப்பவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இந்த வரம்புகளை அவ்வப்போது மாற்றுவார்கள். விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பதிவு இணையதளம் காட்டும் தொகைதான் கணக்கு. புகைப்படமும் அடையாள அட்டையும் இருந்தால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் ஒன்று வரும். 2022 ஜனவரி 1 முதல் அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாவுக்கு வணிகமாக அனுப்புவதென்றால் இந்தச் சிறிய பதிவு போதாது. ஏற்றுமதிக்கு மத்திய உரிமமும் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும் வேண்டும். 'அங்கே இருப்பவர்களும் நம் ஆட்கள்தானே' என்பது சுங்கத்தில் செல்லாது.

5. பாக்கெட்டில் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறேன். போதாதா?

போதாது. வாடிக்கையாளர் கண்முன்னே அள்ளி நிறுத்துக் கொடுத்தால் ஒரு கதை. முன்கூட்டியே கட்டி அடுக்கி வைத்தால் அது 'பொட்டலப் பொருள்' ஆகிவிடும். அப்போது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் வரும். தயாரிப்பவரின் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலை, கிராமுக்கு என்ன விலை விழுகிறது என்ற கணக்கு, புகாருக்கான தொடர்பு இவ்வளவும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறை தன் பங்குக்குச் சேர்ப்பவை: சேர்மானங்கள், சைவ அல்லது அசைவக் குறி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, தொகுதி எண், மேலே சொன்ன 14 இலக்க எண்.

பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. பொட்டலமிடுபவர் என்ற பதிவைத் தொடங்கிய 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அது உணவுத் துறையிடம் இல்லை, தொழிலாளர் துறையிடம். நிகர எடையில் பிளாஸ்டிக் உறையின் எடையைச் சேர்க்காதீர்கள். 'உறையோடுதானே நிறுத்தோம்' என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அதனால்தான் அதை நிகர எடை என்கிறார்கள்.

6. தட்டில் வைத்து உதிரியாக விற்கும் இனிப்புக்கும் தேதி எழுத வேண்டுமா?

வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல், உதிரி இனிப்புத் தட்டின் முன்னால் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். சிலேட்டில் சாக்பீஸ் கொண்டு எழுதினாலும் சரி.

7. புதுத் தராசு முத்திரையோடுதான் வந்தது. மறுபடி எதற்கு முத்திரை?

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அளக்கும் கருவியையும் அளக்க வேண்டாமா? 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறை மறுமுத்திரை. இரும்புப் படிக்கற்கள், எண்ணெய் அளக்கும் லிட்டர் அளவைகள், துணி அளக்கும் மீட்டர் கோல், கைத்தராசு ஆகியவற்றுக்கு 24 மாதங்கள். சான்றைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

இதை மாநகராட்சி செய்வதில்லை. தமிழ்நாட்டில் எடையளவு தொழிலாளர் துறையின் வேலை. பழைய ஆட்கள் 'முத்திரை ஆய்வர்' என்பார்கள். வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: பொருளை வைக்கும் முன் எண் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தட்டோடு, பெட்டியோடு, கனமான இனிப்பு அட்டையோடு நிறுத்தால் 'பெட்டியைக் கழித்து நிறுங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

8. எடை குறைத்த கடைக்காரர் மேல் மாநகராட்சியில் மனு கொடுத்தேன். மூன்று மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

மனு தவறான படியில் உட்கார்ந்திருக்கிறது. உரிமம் கொடுக்கும் அலுவலகமே புகாரையும் தீர்க்கும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம், அது இயல்புதான். ஆனால் மாநகராட்சி பார்ப்பது உரிமம், சுகாதாரம், குப்பை, நடைபாதையை அடைத்துப் போட்ட சாமான், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்கள் ஆகியவை. கடைக்குத் தண்டம் போடலாம், உரிமத்தில் கை வைக்கலாம். உங்கள் பணத்தை வாங்கித் தர முடியாது.

எடை, அளவு, பொட்டல விலை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. கெட்டுப்போன உணவு, கலப்படம் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர். மாநில அளவில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. நியாயவிலைக் கடை என்றால் 1967. உங்கள் பணம் திரும்ப வேண்டும், நட்டத்துக்கு ஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தண்டிப்பது ஒரு படி, திருப்பித் தருவது வேறு படி. இரண்டையும் ஒரே மனுவில் கேட்டால் இரண்டும் நடக்காமல் போகும்.

9. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டார்கள். 'கூலிங் சார்ஜ்' என்றார்கள். சரியா?

சரியில்லை. கடையில் விற்கும் பொட்டலப் பொருளுக்கு அச்சிட்ட விலைதான் உச்சம். குளிர்பெட்டியின் மின்கட்டணமும் அதற்குள் அடக்கம். விலையின் மேல் வேறு சீட்டு ஒட்டிக் கூட்டுவதும் குற்றம்.

உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நிலைமை வேறு. மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவதில் சேவையும் கலந்திருப்பதால் உணவகங்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பில்லின் அடியில் தானாக 'சேவைக் கட்டணம்' சேர்த்துக் கட்டாயப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருந்தோம்பலுக்குப் பெயர்போன ஊரில் அந்தக் கட்டணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

10. துண்டுச் சீட்டில் ஜி.எஸ்.டி. என்று எழுதிப் பணம் வாங்கினார். கொடுக்க வேண்டுமா?

சீட்டில் கடையின் ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கக் கூடாது. பதிவு செய்தும் சிறு வணிகர்களுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர் தன் வரவிலிருந்துதான் கட்ட வேண்டும். உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. தான் அந்தத் திட்டத்தில் இருப்பதைக் கடையிலும் பில்லிலும் சொல்ல வேண்டியதும் அவர் கடமை.

11. பில் கேட்டால் 'வரி சேர்ந்துவிடும், வேண்டாம்' என்றார். நானும் விட்டுவிட்டேன். இனிப் புகார் செய்ய முடியாதா?

முடியும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதையே அது முறையற்ற வணிகம் என்கிறது. கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, பொருளின் படம், உடன் வந்தவர் சாட்சியம் எல்லாம் உதவும்.

அதே சட்டத்தில் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லவில்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற சிவப்பு எழுத்துப் பலகை குறையுள்ள பொருளைக் காப்பாற்றாது. நிறம் பிடிக்கவில்லை, மருமகளுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது. அது கடைக்காரரின் பெருந்தன்மை.

12. தரையில் பதிக்க ஆத்தங்குடிக் கல் என்று சொல்லி இறக்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று நிறம் லேசாக மாறுகிறது. வழக்குப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். அசல் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். சூளையே கிடையாது. ஆகவே கல்லுக்குக் கல் சிறு மாற்றம் இருக்கும், அது குறையில்லை. எல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். இயந்திரத்தில் செய்த கல்லை ஆத்தங்குடி என்று விற்றால் அது பொய்யான விளக்கம், அதற்கு வழக்கு உண்டு. 'கையால் செய்த ஆத்தங்குடித் தளக்கல்' என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கண்டாங்கிச் சேலைக்கும் இதே பாடம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறித் துணியில் கட்டம் போட்டு அந்தப் பெயரில் விற்கக் கூடாது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டவுடன் விலை இறங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

13. பூர்வீக வீட்டைப் பிரிக்கிறோம். கதவு, தூண், பழைய படம், பாத்திரம் எல்லாம் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் கொடுத்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அதில் சேரும் என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. அறிவியல், இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டு போதும். நம் பெரிய வீடுகளில் பல 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. தாத்தா காலத்தில் வெறும் கதவாக இருந்தது, இன்றைக்குத் தொல்பொருளாகி நிற்கலாம். ஒவ்வோர் ஆண்டும் சில வளவுகள் அந்த நூறாண்டு எல்லையைத் தாண்டிக்கொண்டே இருக்கின்றன.

தொல்பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மாநகராட்சி கொடுத்த உரிமம் மட்டும் காட்டினால் அது பழைய சாமான் கடைக்கான உரிமம்தான். கல், உலோக, மரச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளை வீட்டில் வைத்திருப்பவரே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்ப முடியாது. நூறாண்டு ஆகாத பொருள் என்றால், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பலாம். அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் பூசை அறைப் படத்தைப் பெட்டியில் வைக்கும் முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

தந்தம் பதித்த பெட்டி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். தந்த வணிகத்தை 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பொருள் எவ்வளவு பழையது என்பது அங்கே உதவாது. பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறதா என்பது இன்னொரு தலைவலி. ஆனால் அது என் பெஞ்சைத் தாண்டிய விவகாரம்.

14. வீட்டை விருந்தினர் தங்குமிடமாக மாற்றலாமா?

மாற்றலாம். கானாடுகாத்தானில் நடப்பதைத்தான் பார்க்கிறீர்களே. சொத்து வரி மாற்றத்துக்கு இரண்டாவது பதிலைப் பாருங்கள், சமையல் உண்டு என்றால் நான்காவது பதிலை. புதிதாகச் சேர்வது ஒன்று: வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். பிள்ளையின் வெளிநாட்டு நண்பர்தானே என்று விடாதீர்கள்.

15. தங்க நகையில் 916 என்று போட்டிருக்கிறது. போதும்தானே?

2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு போதாது. ஹால்மார்க் நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிறுவனத்தின் முக்கோணச் சின்னம், தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அந்த ஆறையும் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், பதிவான நகை என்ன, எந்தக் கடை பெயரில் பதிவாயிற்று என்று காட்டும். கையில் இருப்பது வளையல், செயலி மோதிரம் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். தூய்மை குறைந்தால் வித்தியாசத் தொகையின் இரு மடங்கும் சோதனைச் செலவும் இழப்பீடு.

அப்பத்தா கொடுத்த கழுத்திருவுக்கு இந்தக் குறிகள் இல்லையே என்று கவலை வேண்டாம். கட்டாயம் விற்கும் கடைக்குத்தான்; வீட்டில் இருக்கும் பழைய நகையை விற்கவும் மாற்றவும் தடையில்லை.

16. நகை அடகுக் கடைக்கு யார் லைசென்ஸ்?

வட்டாட்சியர். 1943-ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம். அடகுச் சீட்டு கொடுப்பது கடைக்காரரின் கடமை. நகையின் எடையும் விவரமும் எழுதாத சீட்டை மடித்துப் பையில் போடாதீர்கள். அங்கேயே எழுதி வாங்குங்கள்.

17. தள்ளுவண்டியில் விற்கிறேன். திடீரென்று வந்து வண்டியையும் பழத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என்ன செய்ய?

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எடுத்துச் சென்ற பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகக்கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள். விற்பனைச் சான்று உங்களிடம் இருந்தால் பேசுவது எளிது. இல்லையென்றால் நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று மாநகராட்சியில் கேளுங்கள். வாரச்சந்தையில் கட்டணம் வாங்கினால் ரசீது கேளுங்கள். அச்சிட்ட தொகைக்கு மேல் தராதீர்கள்.

18. அப்பா பெயரில் இருந்த உரிமத்தில் அப்பா காலமான பிறகும் கடை நடத்துகிறோம். தப்பா?

உரிமம் சொத்தைப் போல் தானாகப் பிள்ளைக்கு வராது. உணவுப் பதிவோ உரிமமோ, வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுக்கு 90 நாள் வரை நிற்கும். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொழில் உரிமத்துக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்றுங்கள். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நினைத்தால் போதும்.

19. எல்லா லைசென்சும் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் எட்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு காசு கிடையாது. அது உரிமமும் இல்லை. உணவுப் பதிவுக் கட்டணத்தை நான்காவது பதிலில் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் போட்டுத் தருபவருக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை, நானும் வாங்குகிறேன். கட்டணம் வேறு, கூலி வேறு என்று பிரித்துச் சொல்லாதவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்க வேண்டாம்.

20. வக்கீல் வைக்க வசதியில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு நானே போகலாமா?

தாராளமாக. முதலில் எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன வாங்கினீர்கள், எப்போது, என்ன குறை, என்ன வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 1915-க்குப் பேசலாம், தமிழிலேயே. பாதி விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தீரவில்லையென்றால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. கணக்கு கொடுத்த விலையை வைத்துத்தான், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

மனுவில் கோபத்தை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். 'என் மனம் புண்பட்டது' என்று நான்கு பக்கம் எழுதி, பில் எண்ணை விட்டுவிட்ட மனுக்களை நிறையத் திருத்தியிருக்கிறேன்.

21. சென்னையில் இருக்கும் மகன் பணம் கட்டி எனக்குக் குளிர்பெட்டி வாங்கி அனுப்பினான். பழுது. நான் எப்படிப் புகார் செய்வேன்? கடை சென்னையில் இருக்கிறதே?

பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆகவே நீங்களே போடலாம். 2019 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது: புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். சென்னைக் கடைக்காரர்தான் உங்கள் மாவட்டத்துக்கு வர வேண்டும். இணையத்தில் வாங்கியதற்கும் இப்படித்தான்.

22. என் பலகாரக் கடைக்கு வாங்கிய மாவு அரைக்கும் இயந்திரம் பழுது. கடைக்காரன் நுகர்வோர் ஆவானா?

இங்கேதான் வழக்குகள் சறுக்கும். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது விதி. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது என்றால் விலக்கு உண்டு. நீங்களும் மனைவியும் அந்த இயந்திரத்தில் அரைத்துப் பிழைக்கிறீர்கள் என்றால் ஆணையத்துக்குப் போகலாம். பத்து ஆள் வைத்து மூன்று ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். மனுவின் முதல் பத்தியிலேயே 'சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கினேன்' என்று, அது உண்மையாக இருந்தால், எழுதிவிடுங்கள்.

23. உரிமமே இல்லாத கடையில் வாங்கி ஏமாந்தேன். என் புகார் செல்லுமா? உரிமம் உள்ள கடை ஏமாற்றினால் மாநகராட்சி பொறுப்பேற்குமா?

முதலாவதற்கு: செல்லும். நீங்கள் நுகர்வோர் ஆவது பணம் கொடுத்ததால்; அவரிடம் உரிமம் இருந்ததால் இல்லை. இரண்டாவதற்கு: பொறுப்பேற்காது. உரிமம் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதில் ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது. நோட்டீஸ் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. உரிமம் இல்லாத கடையின் மேல் தீர்ப்பு வாங்கிவிட்டு, ஆளைத் தேடி அலைந்தவர் ஒருவர் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

24. தீர்ப்பு வந்துவிட்டது. பணம் தரவில்லை. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் மேல்முறையீடு செய்வதென்றால் 45 நாளுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

25. எல்லோருக்கும் சொல்கிறாயே தம்பி, உன் கடைக்கு உரிமம் இருக்கிறதா?

பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் ஆச்சி கேட்டது. இருக்கிறது ஆச்சி. அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நீங்கள் கேட்ட அன்று மாலையே வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். பக்கத்துக்கு என்ன, மனுவுக்கு என்ன என்ற கூலிப் பட்டியலும் அதன் கீழேயே தொங்குகிறது.